தகுதிச்சுற்று கால்பந்து: விருந்தினர் அணியையும் ரசிகர்களையும் வரவேற்கும் கொல்கத்தா – வரலாறு, விதிகள், நடைமுறைகள்

கொல்கத்தா: உலகக் கோப்பை அல்லது ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம் ஒரு நகரத்துக்கு வரும்போது, அந்த நகரம் இரண்டு தரப்பினரை வரவேற்க வேண்டியுள்ளது. வெளிநாட்டிலிருந்து வரும் அணியும் அதன் ஆதரவாளர்களும் ஒரு தரப்பு. நாட்டின் பல மாநிலங்களிலிருந்து சொந்த அணியைக் காண வரும் ரசிகர்கள் மற்றொரு தரப்பு. இரு தரப்பினரும் பாதுகாப்பாக வந்து, ஆட்டத்தைக் கண்டு, பாதுகாப்பாகத் திரும்புவதை உறுதிசெய்யும் பொறுப்பு, ஆட்டத்தை நடத்தும் நாட்டின் கால்பந்து சம்மேளனத்துக்கு உரியது.

இந்தியாவில் இந்தப் பொறுப்பை அதிக முறை ஏற்ற நகரங்களுள் கொல்கத்தா முதன்மையானது. 2024-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி அங்கு நடைபெற்ற இந்தியா – குவைத் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம், அண்மைக் காலத்தில் இந்திய ரசிகர்களைப் பெருமளவில் ஈர்த்த ஆட்டமாகும். அந்த ஆட்டத்தை மையமாகக் கொண்டு, வரவேற்பு ஏற்பாடுகளின் பின்னணியை இக்கட்டுரை விளக்குகிறது.

தகுதிச்சுற்றில் சொந்த மைதானத்தின் முக்கியத்துவம்

தகுதிச்சுற்றில் ஒவ்வொரு அணியும் தன் பிரிவிலுள்ள மற்ற அணிகளுடன் சொந்த மண்ணில் ஒரு முறையும், எதிரணியின் மண்ணில் ஒரு முறையும் மோதுவது பொதுவான முறை. நான்கு அணிகள் கொண்ட பிரிவில் ஓர் அணிக்குச் சொந்த மண்ணில் மூன்று ஆட்டங்கள் மட்டுமே கிடைக்கும். அவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்த சுற்றுக்கான வாய்ப்பு கேள்விக்குறியாகிவிடும். எனவேதான் ரசிகர்களின் வருகையை அணிகள் பெரிதும் எதிர்பார்க்கின்றன.

48 அணிகள் பங்கேற்கும் 2026 உலகக் கோப்பையில், ஆசியாவுக்கு எட்டு நேரடி இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆசியத் தகுதிச்சுற்றின் இரண்டாம் சுற்றில் 36 அணிகள் ஒன்பது பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரு இடங்களைப் பெறும் அணிகள் மூன்றாம் சுற்றுக்கு முன்னேறுவதுடன், 2027 ஆசியக் கோப்பைக்கும் நேரடியாகத் தகுதி பெறும் என்பது விதி. கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றுடன் இந்தியா 'ஏ' பிரிவில் இடம்பெற்றது. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் மூன்றாம் சுற்றை இந்தியா அதுவரை எட்டியதில்லை.

2023 நவம்பர் 16 அன்று குவைத் நகரில் நடைபெற்ற முதல் ஆட்டத்தில் மன்வீர் சிங் அடித்த கோலால் இந்தியா 1–0 என வென்றது. ஐந்து நாள்களுக்குப் பின் புவனேஸ்வரில் கத்தாரிடம் 0–3 எனத் தோற்றது. 2024 மார்ச் மாதம் சவூதி அரேபியாவின் அபா நகரில் ஆப்கானிஸ்தானுடன் கோலின்றி சமன் செய்த இந்தியா, அடுத்து குவாஹாட்டியில் அதே அணியிடம் 1–2 எனத் தோல்வியுற்றது. சொந்த மண்ணில் ஏற்பட்ட அந்தத் தோல்வி, குவைத்துக்கு எதிரான கொல்கத்தா ஆட்டத்தை வென்றே தீர வேண்டிய ஆட்டமாக மாற்றியது. அப்போது இந்தியா 4 புள்ளிகளுடனும் குவைத் 3 புள்ளிகளுடனும் இருந்தன.

2024 ஜூன் 6: சேத்ரியின் விடைபெறும் ஆட்டம்

இந்திய அணியின் கேப்டன் சுனில் சேத்ரி, குவைத் ஆட்டத்துடன் சர்வதேசக் கால்பந்திலிருந்து ஓய்வு பெறுவதாக 2024 மே 16 அன்று காணொலி ஒன்றில் அறிவித்தார். 2005 ஜூன் 12 அன்று பாகிஸ்தானின் குவெட்டா நகரில் அறிமுகமான அவர், 19 ஆண்டுகள் இந்தியாவுக்காக விளையாடியவர். அவரது தொழில்முறைக் கால்பந்து வாழ்க்கை 2002-இல் கொல்கத்தாவின் மோகன் பகான் அணியில் தொடங்கியது. அந்த அணியின் முன்னாள் நட்சத்திரம் சுப்ரதா பட்டாச்சார்யாவின் மகளை அவர் மணந்துள்ளார். எனவே, விடைபெறும் ஆட்டத்தை நடத்தும் வாய்ப்பு கொல்கத்தாவுக்குக் கிடைத்தது பொருத்தமாக அமைந்தது.

இரவு 7 மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தை 58,921 பேர் மைதானத்தில் கண்டனர். ஆட்டம் கோலின்றி சமனில் முடிந்தது. சக வீரர்கள் இருபுறமும் அணிவகுத்து மரியாதை செலுத்த, சேத்ரி கண்ணீருடன் களத்தை விட்டு வெளியேறினார். அன்று அவர் 151 ஆட்டங்களில் 94 கோல்கள் என்ற சாதனையுடன் விடைபெற்றார். ரசிகர்களின் வரவேற்பு சிறப்பாக அமைந்தபோதிலும், இந்தியாவுக்குத் தேவைப்பட்ட வெற்றி கிட்டவில்லை.

ஜூன் 11 அன்று தோஹாவில் நடைபெற்ற கடைசி ஆட்டத்தில் சாங்டே அடித்த கோலால் இந்தியா முன்னிலை பெற்றது. பின்னர், எல்லைக்கோட்டைக் கடந்த பந்தை உள்ளே இழுத்து கத்தார் அடித்த சர்ச்சைக்குரிய கோல் செல்லும் என நடுவர் அறிவித்தார். இறுதியில் இந்தியா 1–2 எனத் தோற்றது. அதே நாளில் ஆப்கானிஸ்தானை 1–0 என வென்ற குவைத், 7 புள்ளிகளுடன் கத்தாருக்கு அடுத்தபடியாக மூன்றாம் சுற்றுக்கு முன்னேறியது. இந்தியா 5 புள்ளிகளுடன் வெளியேறியது. தலைமைப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாக் அம்மாதம் 17-ஆம் தேதி பதவி நீக்கப்பட்டார்.

யுவ பாரதி மைதானம்

சால்ட் லேக் மைதானம் என்று பரவலாக அறியப்படும் விவேகானந்த யுவ பாரதி கிரீராங்கன், 1984 ஜனவரியில் நேரு கோப்பைப் போட்டியுடன் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றின் ஒரு பிரிவு ஆட்டங்கள் கொல்கத்தாவில் நடைபெற்றன. தென் கொரியா, மலேசியா, பாகிஸ்தான் உள்ளிட்ட அணிகள் பங்கேற்ற அப்பிரிவிலிருந்து இந்தியா ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இந்தியா முதன்முதலில் களமிறங்கிய உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின்போது, 1985 ஏப்ரலில், இந்தோனேசியா, தாய்லாந்து, வங்கதேச அணிகள் கொல்கத்தாவுக்கு வந்து விளையாடின.

தொடக்கத்தில் இந்த மைதானத்தில் சுமார் 1.20 லட்சம் பேர் அமர முடிந்தது. 1997 ஜூலை 13 அன்று நடைபெற்ற ஈஸ்ட் பெங்கால் – மோகன் பகான் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியை 1,31,781 பேர் கண்டனர். பைச்சுங் பூட்டியா ஹாட்ரிக் கோல் அடித்த அந்த ஆட்டத்தின் வருகை எண்ணிக்கை இந்திய விளையாட்டு வரலாற்றில் இடம்பெற்றுள்ளது.

2017-ஆம் ஆண்டு 17 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பைக்காக மைதானம் புதுப்பிக்கப்பட்டது. சிமெண்ட் படிகளுக்குப் பதிலாகத் தனித்தனி இருக்கைகள் பொருத்தப்பட்டதால், கொள்ளளவு 70,000-க்கும் கீழாகக் குறைந்தது. எண்ணிக்கை குறைந்தாலும், ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் குறிப்பிட்ட இருக்கை, ஒவ்வொரு பகுதிக்கும் தனி வாயில் என்ற ஒழுங்கு உருவானது. அத்தொடரில் இங்கிலாந்து 5–2 என ஸ்பெயினை வென்ற இறுதி ஆட்டத்தை 66,684 பேர் கண்டனர்.

2019 அக்டோபர் 15 அன்று இங்கு நடைபெற்ற இந்தியா – வங்கதேசம் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டமும் 60,000-க்கும் மேற்பட்டோரை ஈர்த்தது. வங்கதேசம் முதல் பாதியில் முன்னிலை பெற, 88-ஆவது நிமிடத்தில் அடில் கான் தலையால் முட்டி அடித்த கோல் இந்தியாவைத் தோல்வியிலிருந்து காத்தது. 2022 ஜூன் மாதம் கம்போடியா, ஆப்கானிஸ்தான், ஹாங்காங் ஆகிய மூன்று அணிகளையும் ஒரே வாரத்தில் இதே மைதானம் வரவேற்றது. மூன்று ஆட்டங்களிலும் வென்ற இந்தியா 2023 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

மைதானத்துக்குச் செல்லும் வழிகள்

நகரின் கிழக்குப் பகுதியில், பிதான்நகரில், ஈஸ்டர்ன் மெட்ரோபாலிட்டன் பைபாஸ் சாலையை ஒட்டி மைதானம் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் பேருந்துகளையும் லாரிகளையும் நம்பியே ரசிகர்கள் வந்து சேர்ந்தனர். மைதானத்துக்கு அருகிலுள்ள 'சால்ட் லேக் ஸ்டேடியம்' மெட்ரோ நிலையம் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டபின் நிலைமை மாறத் தொடங்கியது.

2025 ஆகஸ்ட் 22 அன்று சியால்தா – எஸ்பிளனேட் பகுதி திறக்கப்பட்டதைத் தொடர்ந்து, ஹூக்ளி ஆற்றின் அடியில் செல்லும் பச்சை வழித்தடம் முழுமை பெற்றது. இதனால் ஹவுரா ரயில் நிலையத்தில் இறங்குவோர், வேறு வண்டி மாறாமல் மைதானத்தை அடையலாம். சென்னையிலிருந்து ஹவுரா மெயில் போன்ற ரயில்களில் செல்லும் தமிழக ரசிகர்களுக்கும் இது பொருந்தும். சியால்தாவில் இறங்குவோரும் இதே வழித்தடத்தைப் பயன்படுத்தலாம்.

டம்டமில் உள்ள நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சர்வதேச விமான நிலையத்துக்கும் அதே நாளில் மெட்ரோ இணைப்பு கிடைத்தது. விமான நிலையத்திலிருந்து மஞ்சள் வழித்தடத்தில் நோவாபாரா வரை சென்று, அங்கிருந்து நீல வழித்தடத்தில் எஸ்பிளனேடை அடைந்து, பச்சை வழித்தடத்துக்கு மாறலாம். உடைமைகளுடன் வரும் வெளியூர் ரசிகர்கள், விமான நிலையத்திலிருந்து வாடகைக் கார் மூலம் நேரடியாக பிதான்நகருக்கு வருவது எளிது.

இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிந்து வெளியேற 9 மணியைத் தாண்டிவிடும் என்பதால், கடைசி மெட்ரோ நேரத்தை முன்கூட்டியே அறிந்துகொள்வது அவசியம்.

வெளிநாட்டு ரசிகர்களுக்கான நடைமுறை

விருந்தினர் அணிக்கும் அதன் ரசிகர்களுக்கும் உள்ள முதல் வாயில் விசாதான். விசா தாமதமானால் என்ன நேரும் என்பதற்கு 2023 ஜூன் மாதம் பெங்களூருவில் நடைபெற்ற தெற்காசிய சாம்பியன்ஷிப் ஓர் எடுத்துக்காட்டு. விசா தாமதத்தால் ஆட்ட நாளன்றுதான் பெங்களூரு வந்தடைந்த பாகிஸ்தான் அணி, சில மணி நேரத்தில் களமிறங்கி இந்தியாவிடம் 0–4 எனத் தோற்றது. பயண அனுமதியும் விளையாட்டு நியாயத்தின் ஒரு பகுதியே என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

நேபாளம், பூடான் நாட்டினர் இந்தியாவுக்குள் நுழைய விசா தேவையில்லை. அடையாள ஆவணம் இருந்தால் போதுமானது. வங்கதேச ரசிகர்களுக்குக் கொல்கத்தா அருகிலுள்ள வெளிநாட்டு மைதானங்களுள் ஒன்றாகும். பெனாபோல் – பெட்ராபோல் எல்லைச் சாவடி வழியாகச் சாலைப் பயணம் மேற்கொள்ள முடியும். ஆயினும், டாக்கா – கொல்கத்தா மைத்ரி எக்ஸ்பிரஸ், குல்னா – கொல்கத்தா பந்தன் எக்ஸ்பிரஸ் ஆகிய ரயில்கள், வங்கதேசத்தில் கலவரம் வெடித்த 2024 ஜூலையில் நிறுத்தப்பட்டன. அரசியல் சூழல் மாறும்போது முதலில் பாதிக்கப்படுபவர்களில் எல்லை தாண்டும் ரசிகர்களும் அடங்குவர்.

இந்தியாவில் தங்கும் வெளிநாட்டினரைப் பற்றிய விவரங்களை விடுதி நிர்வாகம் 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். இதனால் விடுதிகள் கடவுச்சீட்டையும் விசாவையும் கேட்டுப் பதிவு செய்வது வழக்கமான நடைமுறை. மைதானத்தில் விருந்தினர் அணியின் ரசிகர்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, தனி வாயில் வழியே அனுமதிப்பது சர்வதேச வழக்கம். வரும்போதும் திரும்பும்போதும் இரு தரப்பினரும் ஒரே நெரிசலில் சிக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

விதிகள் யாரைப் பொறுப்பாக்குகின்றன?

ஆட்டத்துக்கு முன்பும், ஆட்டத்தின்போதும், ஆட்டத்துக்குப் பின்பும் மைதானத்திலும் அதைச் சுற்றியும் ஒழுங்கையும் பாதுகாப்பையும் காப்பது போட்டியை நடத்தும் சம்மேளனத்தின் பொறுப்பு என்று ஃபிஃபாவின் ஒழுங்கு விதிகள் கூறுகின்றன. பின்வரும் செயல்களில் ரசிகர்கள் ஈடுபட்டால், சம்மேளனம் தண்டனைக்கு உள்ளாகலாம்:

• களத்துக்குள் அத்துமீறி நுழைதல்

• பொருள்களை வீசுதல்

• பட்டாசு அல்லது தீப்பொறி கொளுத்துதல்

• வீரர்கள் மீது லேசர் ஒளி பாய்ச்சுதல்

• எந்த நாட்டின் தேசிய கீதத்தின்போதும் இடையூறு செய்தல்

• மைதானச் சொத்துகளைச் சேதப்படுத்துதல்

இனம், நிறம், மதம், மொழி அடிப்படையில் இழிவுபடுத்தும் முழக்கங்களுக்குக் கடும் நடவடிக்கை உண்டு. அத்தகைய நிலையில் நடுவர் மூன்று கட்டங்களாகச் செயல்படலாம். முதலில் ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்பு செய்தல், அடுத்து தற்காலிகமாக ஒத்திவைத்து வீரர்களை உள்ளே அனுப்புதல், இறுதியாக ஆட்டத்தைக் கைவிடுதல். சம்மேளனத்துக்கு விதிக்கப்படும் தண்டனை, அடுத்த ஆட்டத்தைக் குறைவான பார்வையாளர்களுடன் நடத்த வேண்டிய நிலைக்கும் இட்டுச் செல்லலாம். அதாவது, ஒரு சிலரின் செயலுக்கான விலையை அணியும் மற்ற ரசிகர்களும் கொடுக்க நேரிடும்.

கொல்கத்தா மறக்காத ஆகஸ்ட் 16

ரசிகர் பாதுகாப்பின் அவசியத்தைக் கொல்கத்தா பெரும் விலை கொடுத்து அறிந்தது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் நடைபெற்ற ஈஸ்ட் பெங்கால் – மோகன் பகான் ஆட்டத்தின்போது, களத்தில் வீரர்களிடையே ஏற்பட்ட மோதல் பார்வையாளர் பகுதிக்குப் பரவியது. இரு அணிகளின் ஆதரவாளர்களும் ஒரே பகுதியில் கலந்து அமர்ந்திருந்த நிலையில், கைகலப்பும் நெரிசலும் ஏற்பட்டு 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். அந்த நாள் ஆண்டுதோறும் கால்பந்து ரசிகர்கள் தினமாக நினைவுகூரப்படுகிறது. ரசிகர்களைத் தனித்தனிப் பகுதிகளில் அமர்த்தும் விதியை வெறும் சம்பிரதாயமாக இந்நகரம் கருத முடியாததற்கு இதுவே காரணம்.

2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில், போலீஸார் கண்ணீர்ப்புகை வீசியதைத் தொடர்ந்து வாயில்களை நோக்கி ஓடிய கூட்டத்தில் சிக்கி 135 பேர் இறந்தனர். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே, கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்துக்குத் திரண்டவர்களில் 11 பேர் நெரிசலில் பலியாயினர். இரு சம்பவங்களிலும் உயிர்கள் பறிபோனது வாயில்களுக்கு அருகில்தான்.

2025 டிசம்பர் 13 அன்று யுவ பாரதி மைதானத்தில் லயோனல் மெஸ்ஸி பங்கேற்ற நிகழ்ச்சி வேறொரு பாடத்தைத் தந்தது. மெஸ்ஸி சிறிது நேரமே மைதானத்தில் இருந்தார். அப்போதும் பிரமுகர்கள் அவரைச் சூழ்ந்து நின்றதால், பெரும் தொகை கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களால் அவரைச் சரியாகக் காண முடியவில்லை. ஆத்திரமடைந்தோர் இருக்கைகளைப் பெயர்த்தும், பாட்டில்களை வீசியும், களத்துக்குள் நுழைந்தும் ரகளையில் ஈடுபட்டனர். முதல்வர் மம்தா பானர்ஜி மன்னிப்புக் கோரினார். முதன்மை ஏற்பாட்டாளர் கைது செய்யப்பட்டார். டிக்கெட் வாங்கியவரைவிட அழைப்பின்றிக் களத்தில் நிற்பவருக்கு முன்னுரிமை கிடைக்கும்போது வரவேற்பு குலைந்துவிடுகிறது என்பதை அந்நிகழ்வு காட்டியது.

காலி இருக்கைகளும் ஒரு வேண்டுகோளும்

பெரும் கூட்டத்தைச் சமாளிப்பது ஒரு சவால் என்றால், கூட்டமே வராதது மற்றொரு சவால். 2018 ஜூன் 1 அன்று மும்பையில் சீன தைபே அணியை இந்தியா 5–0 என வென்றது. சேத்ரி ஹாட்ரிக் கோல் அடித்த அந்த ஆட்டத்தைக் காண வந்தவர்கள் 2,569 பேர் மட்டுமே. மறுநாள் சேத்ரி வெளியிட்ட காணொலியில், எங்களை விமர்சியுங்கள், திட்டுங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள் என்ற பொருள்பட வேண்டினார். ஜூன் 4 அன்று கென்யாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு அனைத்து டிக்கெட்டுகளும் விற்றுத் தீர்ந்தன. அது சேத்ரியின் நூறாவது சர்வதேச ஆட்டமாகும்.

2017-இல் உருவான 'புளூ பில்கிரிம்ஸ்' போன்ற ஆதரவாளர் குழுக்கள், தேசிய அணி செல்லும் நகரங்களுக்கெல்லாம் பயணம் செய்து முழக்கமிடும் வழக்கத்தை வளர்த்தன. ஆட்டம் முடிந்ததும் வீரர்களும் ரசிகர்களும் ஒருசேரக் கைகளை உயர்த்தித் தட்டும் 'வைகிங் கிளாப்' வழியாக இக்குழு பரவலாக அறியப்பட்டது.

விருந்தினராகும் இந்திய ரசிகர்கள்

வரவேற்பு இருவழிப் பாதை. குவைத்தில் சுமார் 10 லட்சம் இந்தியர்கள் வசிக்கின்றனர். அந்நாட்டிலுள்ள மிகப் பெரிய வெளிநாட்டுச் சமூகம் அவர்களே. கேரளம், தமிழகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களைச் சேர்ந்தோர் அவர்களில் கணிசமானவர்கள். 2023 நவம்பரில் குவைத் நகரில் இந்தியா வென்றபோது, எதிரணியின் மைதானத்தில் இந்திய ரசிகர்களின் குரல் உரத்து ஒலித்தது. 2019 செப்டம்பரில் தோஹாவில், அப்போதைய ஆசிய சாம்பியனான கத்தாருடன் இந்தியா கோலின்றி சமன் செய்த ஆட்டத்திலும் வளைகுடா வாழ் இந்தியர்கள் அணிக்குத் துணைநின்றனர். அங்கு நம்மவர்கள் எதிர்பார்க்கும் மரியாதையையே இங்கு வரும் விருந்தினர்களும் எதிர்பார்க்கின்றனர்.

பிற நகரங்கள்

புவனேஸ்வர், குவாஹாட்டி, பெங்களூரு, கொச்சி, கோவா ஆகிய நகரங்களும் தகுதிச்சுற்று ஆட்டங்களை நடத்தியுள்ளன. மேகாலயத்தின் ஷில்லாங் நகரம் 2025 மார்ச்சில் இப்பட்டியலில் இணைந்தது. ஓய்விலிருந்து திரும்பிய சேத்ரி, மார்ச் 19 அன்று மாலத்தீவுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் அங்கு தனது 95-ஆவது கோலை அடித்தார். மார்ச் 25 அன்று வங்கதேசத்துடனான ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம் கோலின்றி முடிந்தது. பின்னர் அக்டோபரில் கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் சிங்கப்பூரிடம் 1–2 எனத் தோற்ற இந்தியா, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது.

ரசிகர்கள் கவனத்துக்கு

• டிக்கெட்டில் குறிப்பிட்டுள்ள வாயில் எண்ணைப் பார்த்து அதற்கேற்ப மெட்ரோ நிலையத்தின் வெளியேறும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரத்துக்கு முன் வந்தால் சோதனை வரிசையில் நெரிசல் இருக்காது.

• பாட்டில், தீப்பெட்டி, பட்டாசு, லேசர் விளக்கு, பெரிய பைகள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

• ஜூன் மாதத்தில் கொல்கத்தாவில் ஈரப்பதம் மிக அதிகம். போதிய தண்ணீர் அருந்துவதும், குழந்தைகளையும் முதியோரையும் கவனித்துக்கொள்வதும் அவசியம்.

• இரு நாடுகளின் தேசிய கீதங்களுக்கும் எழுந்து நின்று மரியாதை செலுத்த வேண்டும்.

• உள்ளே நுழைந்ததும் அருகிலுள்ள வெளியேறும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்ததும் முண்டியடிக்காமல், கூட்டம் குறையும் வரை இருக்கையில் காத்திருப்பது பாதுகாப்பானது.

• வெளியூரிலிருந்து வருவோர், கொல்கத்தாவின் கால்பந்துப் பாரம்பரியத்தை அறிய மைதான் பகுதிக்குச் செல்லலாம். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று கிளப்புகளின் மைதானங்களும் அங்கேயே உள்ளன. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீனும், மோகன் பகான் வென்றால் இறாலும் சமைத்துக் கொண்டாடுவது நகரின் பழைய வழக்கம். தேசிய அணி ஆடும் நாளில் மட்டும் இந்த இரு தரப்பினரும் ஒரே பக்கம் அமர்கின்றனர்.